வெற்றுச் செல்லின் மேல் ஓடும் கோடு

அல்சூர் ஏரியிலிருந்து நடந்தே வந்துவிடும் தூரத்தில் இருக்கிறது எங்கள் அபார்ட்மென்ட். 24 வீடுகள், வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர். 2024 மார்ச்சில் பெங்களூர் முழுக்கத் தண்ணீர்ப் பஞ்சமே பேச்சாக இருந்த நாட்களில், வாரம் ஒரு முறை எடுத்துவந்த மீட்டர் கணக்கை இனி தினமும் காலை 7 மணிக்கு எடுப்பது என்று சங்கத்தில் முடிவு செய்தோம். வாட்ச்மேன் நோட்டில் எழுதுவார், இரவில் நான் அதை எக்செல்லில் ஏற்றுவேன். 10ஆம் தேதி கணக்கை எடுத்துவிட்டு அவர் குலதெய்வக் கோயில் திருவிழாவுக்கு தர்மபுரிப் பக்கம் ஊருக்குப் போனார். திரும்பி வந்து 16ஆம் தேதி காலையில் அடுத்த கணக்கை எழுதினார். இடையில் ஐந்து நாள் செல்கள் காலி.

வேறு மாதமாக இருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இரண்டாம் மாடியில் ஒரு குடும்பம் 13ஆம் தேதி காலை வீட்டைக் காலி செய்துகொண்டு போனது. அதே வாரத்தில் புதுக் குடித்தனம் வந்துவிட்டது. அந்த வீட்டு மீட்டர் 10ஆம் தேதி 318.4 கிலோலிட்டர் காட்டியது, 16ஆம் தேதி 322.6. நடுவில் ஓடிய 4,200 லிட்டரில் யார் பங்கு எவ்வளவு?

சங்கக் கூட்டத்தில் டிவி திரையில் அந்த வீட்டின் வரைபடத்தைப் போட்டேன். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் எழுந்து வந்து கோட்டின் மேல் விரல் வைத்தார். "இதோ, பதிமூணாம் தேதி முந்நூத்தி இருபதரைன்னு காட்டுதே மேடம். அப்புறம் என்ன சந்தேகம்?"

கோடு அப்படித்தான் காட்டியது. ஆனால் 13ஆம் தேதி அந்த மீட்டர் முன்னால் யாருமே நிற்கவில்லை. யாரும் படிக்காத ஒரு எண்ணைப் படித்த எண் மாதிரியே திரை காட்டிவிட்டது. இந்தக் கட்டுரை அந்த எண்ணைப் பற்றியது.

அந்தக் கோட்டைப் போட்டது ஒரு சின்ன அமைப்பு. எக்செல்லில் வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து 'செலக்ட் டேட்டா'வுக்குள் போனால் 'ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அங்கே மூன்று வழிகள்: காலியான இடத்தை இடைவெளியாக விடுவது, பூஜ்யமாகப் போடுவது, அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கோட்டால் இணைப்பது. நாமாக மாற்றாவிட்டால் லைன் சார்ட்டில் இடைவெளிதான் வரும். கோடு அறுந்து தெரிவது பார்க்க நன்றாக இல்லையே என்று சில மாதம் முன்பு நான்தான் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்திருந்தேன். மூன்றிலும் மோசமானது பூஜ்யம். மீட்டர் 318லிருந்து பூஜ்யத்துக்கு விழுந்து மறுபடி 322க்கு ஏறியது போலக் காட்டும். பூஜ்யம் என்பது 'ஒன்றும் இல்லை', காலிச் செல் என்பது 'தெரியாது'. இரண்டும் ஒன்றல்ல.

எண்ணை மதிப்பிட உட்காரும் முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: அது உண்மையிலேயே தொலைந்துதான் போயிற்றா? வரைபடம் இருக்கிறது, அதற்கு மூலமான ஃபைல் அழிந்துவிட்டது என்று பலர் தவிப்பார்கள். வேறொரு ஃபைலுடன் இணைத்து வரைந்த சார்ட் கடைசியாகப் பார்த்த எண்களின் நகலைத் தனக்குள் வைத்திருக்கும். எக்செல் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். ஒரு நகல் எடுத்து, அதன் பெயரின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால் சார்ட்டுகளுக்கென்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதிலுள்ள ஃபைலில் ஒவ்வொரு புள்ளியின் மதிப்பும் எழுத்து வடிவில் கிடக்கும். கண்ணால் குத்துமதிப்பாகப் படிப்பதை விட இது எவ்வளவோ மேல். வரைபடம் வெறும் படமாக மட்டும் கையில் இருந்தால் அளவுகோல்தான் வழி. அச்சில் 0க்கும் 20க்கும் இடையே 400 பிக்சல் என்றால், 270 பிக்சல் உயரமுள்ள புள்ளியின் மதிப்பு 13.5. அச்சு பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

நேர்கோட்டுக்கு வருவோம். பிளஸ் டூ வணிகக் கணிதம் படித்தவர்களுக்கு இதன் பெயர் நினைவிருக்கும்: இடைச்செருகல். தெரிந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு மதிப்பைக் கணித்து வைப்பது. தெரிந்த எல்லைக்கு வெளியே போய்க் கணித்தால் புறச்செருகல். எங்கள் கணக்கில் 6 நாளில் 4.2, நாளுக்கு 0.7. 10ஆம் தேதியிலிருந்து மூன்று நாளுக்கு 2.1. 318.4உடன் கூட்டினால் 320.5. திரையில் விரல் தொட்ட எண் இதுதான்.

தமிழில் இடைச்செருகல் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பது எனக்குப் பிடித்த விஷயம். மூல ஏட்டில் இல்லாததைப் பிற்காலக் கை ஒன்று நுழைத்துவிட்டால் அதையும் இப்படித்தான் சொல்கிறோம். அந்தப் பொருளில் சொல்லும்போது குரலில் ஒரு எச்சரிக்கை இருக்கும். கணக்கிலும் அந்த எச்சரிக்கை போய்விடக் கூடாது.

ஏனென்றால் 320.5 என்பதற்குள் ஒரு கதை ஒளிந்திருக்கிறது: ஆறு நாளும் அந்த வீட்டில் ஒரே அளவு தண்ணீர் ஓடியது என்ற கதை. அது நடக்கவில்லை. பழைய குடும்பம் 13ஆம் தேதி காலை போனது. புதியவர்கள் பால் காய்ச்சியது 15ஆம் தேதி காலை. நடுவே இரண்டு நாள் வீடு பூட்டிக் கிடந்தது. அப்படியானால் 4.2 கிலோலிட்டர் ஓடியது நான்கே நாளில். சமமாகப் பிரித்தால் நாளுக்கு 1.05, மூன்று நாளுக்கு 3.15, மீட்டர் 321.55. கோடு சொன்னதற்கும் இதற்கும் 1,050 லிட்டர் வித்தியாசம். எண்கள் எதுவும் மாறவில்லை. வீட்டைப் பற்றி நமக்குத் தெரிந்த ஒரு செய்தி மட்டும் கணக்கில் ஏறியிருக்கிறது.

இன்னும் ஒரு செய்தியும் இருந்தது. 3ஆம் தேதி அதே மீட்டர் 312.1. அதாவது 3 முதல் 10 வரை ஏழு நாளில் 6.3, நாளுக்கு 0.9. பழைய குடும்பத்தின் வழக்கமான செலவு அது. அந்த வேகத்தில் போனால் 13ஆம் தேதி மீட்டர் 321.1. மீதி 1.5 கிலோலிட்டர் புதியவர்களின் முதல் நாளுக்கு. குடிவந்த நாளில் வீடு கழுவி, பாத்திரம் கழுவி, தொட்டி கழுவும் ஒரு குடும்பத்துக்கு 1,500 லிட்டர் நம்ப முடியாத அளவல்ல. மூன்று மதிப்பீடுகளில் நான் இதைத்தான் முன்வைத்தேன்.

மூன்றில் எதை எடுத்தாலும் ஒரு வேலி மட்டும் அசையாது. தண்ணீர் மீட்டர் பின்னோக்கி ஓடாது. அதனால் விடை 318.4க்குக் கீழேயும் போகாது, 322.6க்கு மேலேயும் போகாது. கூட்டிக்கொண்டே போகும் மீட்டரின் பெரிய நன்மை இது. நடுவில் எத்தனை நாள் விட்டாலும் மொத்தம் தப்பாது, பிரிப்பு மட்டும்தான் சந்தேகம். மின்சார மீட்டர், வண்டியின் கிலோமீட்டர் காட்டி எல்லாம் இந்த ஜாதி.

ட்ரெண்ட்லைன் என்னும் குழி

இணையத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும் யோசனை, சார்ட்டில் ட்ரெண்ட்லைன் போட்டு அதன் சமன்பாட்டைக் காட்டச் சொல்லி, அதில் தேதியைப் போட்டு விடை எடு என்பதுதான். செய்யலாம். ஆனால் ட்ரெண்ட்லைன் செய்வது இடைச்செருகல் அல்ல. மாதம் முழுக்க உள்ள புள்ளிகளுக்கு நடுவே ஒரு சமரசக் கோடு போடுகிறது, எந்தப் புள்ளியையும் தொட்டாக வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. மாதத்தின் நடுவே செலவின் வேகம் மாறிய வீட்டில் அது 13ஆம் தேதிக்கு 10ஆம் தேதியை விடக் குறைந்த எண்ணைக்கூடக் கொடுக்கும். 'ஃபோர்காஸ்ட்.லீனியர்' ஃபார்முலாவும் அப்படியே. முழு நெடுவரிசையையும் கொடுத்தால் சமரசக் கோடு, காலியின் இருபுறமும் உள்ள இரண்டு புள்ளிகளை மட்டும் கொடுத்தால் இடைச்செருகல். ஃபார்முலா ஒன்று, வேலை இரண்டு.

லைன் சார்ட்டில் இன்னொரு சிக்கல். கீழ் அச்சில் 3, 10, 16 என்று எழுதியிருந்தாலும், அவை வெறும் பெயர்ப் பலகைகளாக இருந்தால் எக்செல் அவற்றை 1, 2, 3 என்றுதான் எண்ணும். ஏழு நாள் இடைவெளியும் ஆறு நாள் இடைவெளியும் ஒரே அகலமாகிவிடும், சமன்பாடும் அதற்கேற்பவே வரும். எண்களின் உண்மையான தூரம் முக்கியம் என்றால் ஸ்கேட்டர் சார்ட்தான் போட வேண்டும்.

தேதியாகவே புரிந்துகொண்டாலும் ஆபத்து முடியவில்லை. எக்செல் நாட்களை 1900 ஜனவரி 1 முதல் எண்ணுகிறது. 2024 மார்ச் 13 அதற்கு 45,364. மொத்தக் கட்டடத்தின் மீட்டருக்கு ட்ரெண்ட்லைன் போட்டால் சரிவு, அதாவது ஒரு நாளுக்குக் கோடு ஏறும் அளவு, 12.0417 என்று இருக்கலாம். சார்ட்டின் மேல் அது 12.042 என்று சுருங்கித் தெரியும். வித்தியாசம் 0.0003தானே என்று தோன்றும். ஆனால் சமன்பாடு சரிவைத் தேதியின் எண்ணால் பெருக்குகிறது. அதை 45,364ஆல் பெருக்கிப் பாருங்கள்: 13.6 கிலோலிட்டர். எங்கள் 24 வீடுகளின் ஒரு நாள் செலவை விட அதிகம். சமன்பாட்டின் மேல் கிளிக் செய்து தசம இடங்களைக் கூட்டிக்கொள்வது ஒரு வழி. தேதிக்குப் பதிலாக 'மாதத்தின் எத்தனையாவது நாள்' என்ற எண்ணைப் பயன்படுத்துவது அதைவிட நல்லது.

கோடு புள்ளிகளுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்ல ட்ரெண்ட்லைனோடு வரும் ஆர் ஸ்கொயர் 0.99 என்று காட்டினால் நிம்மதி அடைய வேண்டாம். கூடிக்கொண்டே போகும் எந்த மீட்டருக்கும் அது கிட்டத்தட்ட எப்போதும் 1ஐ ஒட்டியே நிற்கும். ஆறாம் படி வரை வளைந்து கொடுக்கும் பல்லுறுப்புக் கோடு ஒன்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. புள்ளிகளை ஒட்டி அழகாகப் போகும், ஆனால் சமதூரப் புள்ளிகள் வழியாகப் படியை ஏற்றிக்கொண்டே போனால் ஓரங்களில் கோடு தறிகெட்டு ஆடும் என்பதைக் கணிதவியலாளர் கார்ல் ரூங்கே 1901லேயே காட்டிவிட்டார். 'ஸ்மூத் லைன்' என்ற வழவழப்பு வெறும் அலங்காரம், அதிலிருந்து எண் எடுக்கவே கூடாது.

வளைவு தெரிந்தால்

நேர்கோடு தெளிவாகவே தவறாகும் இடங்களும் உண்டு. அந்த மார்ச்சில் எங்கள் தெருவுக்கு வந்த 12,000 லிட்டர் டேங்கரை வைத்தே சொல்கிறேன். எங்கள் சம்ப் நிறைந்ததும் மீதியைப் பக்கத்துக் கட்டடத்தில் இறக்குவார்கள். குச்சியை விட்டுப் பார்த்தால் கால் ஆழம் மிச்சம். கால் ஆழம் என்றால் கால் பங்கு, 3,000 லிட்டர் என்று கணக்குப் பேசுவார்கள். படுத்த உருளையில் பாதி ஆழம் பாதித் தண்ணீர்தான், ஆனால் கால் ஆழம் கால் தண்ணீர் இல்லை. அடிப்பகுதி குறுகல் என்பதால் அங்கே இருப்பது 19.55 சதவீதம், அதாவது 2,346 லிட்டர். 654 லிட்டருக்குப் பக்கத்துக் கட்டடத்தார் சும்மா காசு கொடுக்கிறார்கள். பூஜ்யத்துக்கும் பாதிக்கும் நடுவே மனதில் ஒரு நேர்கோடு போட்டதால் வந்த இழப்பு அது.

வளையும் அட்டவணையில் நடுப்புள்ளியைப் பிடிக்க இந்த நாட்டில் ஒரு பழைய வழி இருக்கிறது. கணிதமேதை பிரம்மகுப்தர் 665இல் எழுதிய கண்டகாத்யகம் என்ற வானியல் நூலில் சைன் மதிப்புகள் 15 பாகைக்கு ஒன்றாக, ஆரம் 150க்கு (இன்றைய சைனை 150ஆல் பெருக்கியது போல), 39, 75, 106, 130, 145, 150 என்று வருகின்றன. 60 பாகைக்கு 130, 75 பாகைக்கு 145. சரிபாதியான 67½ பாகைக்கு எவ்வளவு? நேர்கோடு 137.5 என்று சொல்லும். பிரம்மகுப்தர் முந்தைய படியையும் பார்க்கச் சொல்கிறார். முந்தைய ஏற்றம் 24, இப்போதைய ஏற்றம் 15. இரண்டின் சராசரி 19.5. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 9, அதில் பாதி 4.5. நாம் படியில் பாதி தூரம் வந்திருப்பதால் அதிலும் பாதியான 2.25ஐ 19.5இலிருந்து கழித்தால் 17.25. அதில் பாதி 8.625. விடை 138.6. இன்றைய கால்குலேட்டரும் அதையே சொல்கிறது. ஏற்றம் எப்படிக் குறைந்துகொண்டு வருகிறது என்று அக்கம்பக்கத்தைக் கூர்ந்து பார்த்ததுதான் அவர் கூடுதலாகச் செய்தது. எக்செல்லில் இதை ஒரே செல்லில் எழுதிவிடலாம், ட்ரெண்ட்லைன் தேவையில்லை.

இணைக்கவே கூடாத புள்ளிகள்

மழைக்கு இந்த வித்தைகள் எதுவும் ஒத்துவராது. 2024 ஜூன் 2 அன்று பெங்களூரில் 111.1 மில்லிமீட்டர் பெய்தது. ஜூன் மாதத்தில் ஒரே நாளில் அவ்வளவு மழை அதுவரை பதிவானதில்லை, அதற்கு முந்தைய உச்சம் 1891இல் 101.6. உங்கள் பதிவேட்டில் அந்த ஒரு நாள் செல் காலியாக இருந்து, முந்தைய நாளையும் மறுநாளையும் கோட்டால் இணைத்திருந்தால் அந்த மழை வந்த சுவடே இருக்காது. நேற்றைய மழை இன்றைய மழைக்கு ஜாமீன் நிற்காது. இங்கே நாட்களுக்கு நடுவே தேடாமல் இடங்களுக்கு நடுவே தேட வேண்டும்: அதே நாளில் பக்கத்து மழைமானிகள் என்ன காட்டின என்று. அதிலும் ஜாக்கிரதை தேவை. சிவாஜிநகரில் கொட்டித் தீர்க்கும்போது கே.ஆர்.புரத்தில் வெயில் அடிப்பதை இந்த ஊரில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொரு வகை. எங்கள் டேங்கர் பதிவேட்டிலும் அந்த மார்ச்சில் பல செல்கள் காலி. ஒரு நாளில் எத்தனை டேங்கர் என்ற எண்ணிக்கை அது. அக்கம்பக்கத்து நாட்களில் 1, 2 என்று இருந்ததால் காலியான நாட்களுக்கும் ஒன்றரை என்று போட்டுவிடலாம் என்றார்கள். பிறகு ரசீதுகளைத் தேடி எடுத்துப் பார்த்தபோது, காலியாக இருந்தவைதான் மிக மோசமான நாட்கள். டேங்கருக்குப் போன் போடுவது, கேட்டில் நின்று வண்டியை உள்ளே விடுவது, ஹோஸ் பைப்பைப் பிடிப்பது என்று ஓடிக்கொண்டிருந்ததால் எழுதவே யாருக்கும் கை ஒழியவில்லை. எண் பெரிதாக இருந்ததுதான் எண் தொலைந்ததற்கே காரணம்.

புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த ஒரு பாகுபாடு இன்றும் துறைக்கு அடிப்படை. தற்செயலாகத் தொலைந்தது ஒரு வகை. வேறு ஏதோ தெரிந்த காரணத்தால் தொலைந்தது இன்னொரு வகை. தன் சொந்த மதிப்பின் காரணமாகவே தொலைந்தது மூன்றாவது. வாட்ச்மேன் திருவிழாவுக்குப் போனதற்கும் மீட்டர் ஓடியதற்கும் சம்பந்தமில்லை, அது முதல் வகை. அங்கே அக்கம்பக்கத்தை நம்பலாம். டேங்கர் பதிவேடு மூன்றாம் வகை. அங்கே அக்கம்பக்கத்தை நம்பினால் பஞ்சமே இல்லாத மாதம் போல ஒரு வரைபடம் கிடைக்கும். எக்செல்லின் 'ஃபோர்காஸ்ட்.ஈடிஎஸ்' ஃபார்முலா 30 சதவீதம் வரை காலியான தரவை ஏற்றுக்கொண்டு, நாம் வேறு சொல்லாவிட்டால் அக்கம்பக்கத்துச் சராசரியை அதுவாகவே நிரப்பிக்கொள்ளும். எந்த வகைக் காலி என்று அது கேட்பதில்லை. கேட்கவும் அதனால் முடியாது. செல்லுக்குள் அந்தச் செய்தி இல்லை, வாட்ச்மேனிடமும் ரசீது வைத்திருப்பவரிடமும்தான் இருக்கிறது.

ஊர் அளவில் பார்த்தால் நம் எல்லோர் முன்னும் பெரிய காலிச் செல் ஒன்று இருக்கிறது. 2021இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. பெங்களூர் நகரத் திரளுக்கு (நகரமும் ஒட்டிய புறநகர்களும் சேர்த்து) 2001இல் சுமார் 57 லட்சம், 2011இல் சுமார் 85 லட்சம். முதலில் நடுவே உள்ள 2006ஐ மதிப்பிடுவோம். ஆண்டுக்கு ஒரே எண்ணிக்கை கூடியது என்றால் 71 லட்சம். ஆண்டுக்கு ஒரே விகிதம் கூடியது என்றால் 69.6 லட்சம். வித்தியாசம் 1.4 லட்சம். இப்போது 2021. ஒரே எண்ணிக்கை என்றால் 113 லட்சம், ஒரே விகிதம் என்றால் கிட்டத்தட்ட 127 லட்சம். வித்தியாசம் 14 லட்சம். அதே இரண்டு புள்ளிகள், அதே இரண்டு ஊகங்கள். இரண்டு பக்கமும் வேலி இருந்தபோது பிழை சிறியது, ஒரு பக்க வேலி போனதும் பத்து மடங்காகிவிட்டது. 14 லட்சம் பேர் என்பது ஒரு பெரிய நகரம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால் அத்தனை பேருக்கும் தினமும் 18.9 கோடி லிட்டர். டி.கே.ஹள்ளி நீரேற்று நிலையத்திலிருந்து காவிரித் தண்ணீரை மேடேற்றிக் கொண்டுவரும் ஊரில், எந்தக் கோட்டை நம்பிக் குழாய் போடுவது என்பது சின்னக் கேள்வி அல்ல. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்பின் எண் வந்துவிட்டால் 2021 மறுபடி இரண்டு வேலிகளுக்கு நடுவே வந்துவிடும். அப்போது இன்று நிரப்பி வைத்திருக்கும் எண்களை எல்லாம் திருத்த வேண்டியிருக்கும். எவை நிரப்பியவை என்று குறித்து வைத்தவர்களால் மட்டுமே அது முடியும்.

புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாடல்கள் கிடைக்கவில்லை. பதிப்புகளில் 266க்கு அடுத்ததை 267 என்று மாற்றிவிடவில்லை. அந்த இரண்டு எண்களும் அப்படியே காலியாக நிற்கின்றன, அடுத்த பாடல் 269 என்றே தொடங்குகிறது. எங்கள் எக்செல் ஷீட்டை மாற்றி அமைத்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. படித்த எண்ணுக்கு ஒரு நெடுவரிசை, அதில் காலி காலியாகவே இருக்கும். மதிப்பிட்ட எண்ணுக்குத் தனி நெடுவரிசை. எப்படி மதிப்பிட்டோம் என்று எழுத மூன்றாவது ஒன்று. வரைபடத்தில் படித்தவை நிறைந்த புள்ளிகள், மதிப்பிட்டவை உள்ளே வெள்ளையான வட்டங்கள், நடுவில் புள்ளிக்கோடு.

இரண்டாம் மாடி வீட்டுக்கு 321.1 என்றே முடிவானது. பழைய குடும்பத்துக்குப் போன் செய்து மூன்று எண்களையும், ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்பதையும் சொன்னேன். "எங்க வழக்கமான செலவுதானேம்மா, அதையே போட்டுக்குங்க" என்றார் அந்த அம்மா. 2,700 லிட்டருக்குப் பில் போட்டு, பக்கத்தில் 'மதிப்பீடு' என்று எழுதி அனுப்பினேன்.